வேலையிழந்தவருக்குச் சேர வேண்டியவை: தருமபுரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்தில் மழையை நம்பிய விவசாயம்தான் அதிகம். பெரிய தொழிற்சாலைகள் குறைவு. அதனால் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே வேலை போய்விட்டால் பெட்டியோடு ஊர் திரும்புகிறார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை நகையை அடகு வைத்தோ, உறவினரிடம் கைமாற்று வாங்கியோ குடும்பம் ஓடுகிறது.

அந்த இடைவெளிக் காலத்துக்கென்று சட்டம் சில உதவிகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. ஒரு காரணம் அறியாமை. இன்னொரு காரணம் கூச்சம். யாரிடமோ உதவி கேட்டு நிற்பதுபோல ஒரு தயக்கம். இது ஜகாத்தோ ஸதகாவோ அல்ல. இ.எஸ்.ஐ., பி.எஃப். பணம் தொழிலாளியின் உழைப்பின் பேரில் மாதாமாதம் கட்டப்பட்டது. மற்றவை சட்டமும் அரசாணையும் தகுதியுள்ளவருக்கென்று வைத்தவை. கேட்பதில் இழிவு எதுவும் இல்லை.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வேலையிழந்த எல்லோருக்கும் பொதுவான ஒரே உதவித்தொகை என்று எதுவும் கிடையாது. நீங்கள் எப்படி வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் போக வேண்டிய அலுவலகம் மாறும்.

* படித்து, பதிவு செய்துவிட்டு வேலைக்காகக் காத்திருப்பவர்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம்
* இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்த்தவர்: இ.எஸ்.ஐ. கழகம்
* பி.எஃப். பிடித்தம் உள்ளவர்: வருங்கால வைப்பு நிதி நிறுவனம்
* நிறுவனம் நீக்கியவர், கடைசிச் சம்பளம் வராதவர்: தொழிலாளர் துறை
* கிராமத்தில் நூறு நாள் வேலை கேட்டும் கிடைக்காதவர்: ஊராட்சி, ஒன்றிய அலுவலகம்

ஒருவருக்கே இரண்டு மூன்று இடங்களில் உரிமை இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை

படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, 5 ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கான திட்டம் இது. மாத உதவித்தொகை விவரம்:

* பத்தாம் வகுப்பு தோல்வி: ரூ.200
* பத்தாம் வகுப்பு தேர்ச்சி: ரூ.300
* பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி: ரூ.400
* பட்டதாரி: ரூ.600

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். அதிகபட்சம் 3 ஆண்டுகள் கிடைக்கும். பட்டதாரி ஒருவருக்கு மொத்தம் 21,600 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 14,400 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கும் நேர்காணலுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் வீட்டில் கை ஏந்தாமல் இருக்கலாம்.

தகுதிகள்: பதிவைத் தொடர்ந்து புதுப்பித்திருக்க வேண்டும். வயது 40-க்குள் இருக்க வேண்டும்; பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு மட்டும் 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருப்பவருக்குக் கிடையாது. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் விண்ணப்பிக்கலாம். பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் போன்ற தொழில்சார் பட்டதாரிகள் இத்திட்டத்தில் சேர மாட்டார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரும் சுயதொழில் செய்பவரும் வாங்க முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி தளர்வானது. பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். வருமான வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய் மாதந்தோறும். 10 ஆண்டுகள் வரை கிடைக்கும். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்து இன்னும் பதியாமல் இருந்தால், இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் கையொப்பம் பெற்று, அசல் கல்விச் சான்றிதழ்கள், வேலைவாய்ப்பு அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் நேரில் கொடுக்க வேண்டும். பணம் வர ஆரம்பித்த பிறகு, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்ற சுய உறுதிமொழி ஆவணத்தை ஆண்டுதோறும் தர வேண்டும். அதைத் தராமல் விட்டால் உதவித்தொகை நின்றுவிடும்.

பலருக்கும் ஒரு பயம் உண்டு: "இந்தப் பணத்தை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடுமாமே?" அப்படி எதுவும் இல்லை. உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்து ஆகாது.

பதிவு கைவிட்டுப் போவது புதுப்பிக்காமல் விடுவதால்தான். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது அதிகம் நடக்கிறது. பள்ளியில் பதிந்ததோடு சரி, திருமணமான பிறகு யாரும் நினைவுபடுத்துவதில்லை. அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிப்பதுண்டு. அதற்குக் காத்திருப்பதைவிட, புதுப்பிக்க வேண்டிய மாதத்தைக் குடும்ப அட்டையோடு ஒரு சீட்டில் எழுதி வைப்பது மேல். இணையம் வழியாகவே புதுப்பிக்கலாம்.

பதிவில் சாதி விவரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். லப்பை, தக்கனி, ஷேக், சையத் உள்ளிட்ட ஏழு பிரிவுகள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் உள்ளன. இவர்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் இடஒதுக்கீடு இருக்கிறது. பதிவில் வெறும் "பிற்படுத்தப்பட்டோர்" என்று மட்டும் இருந்தால், சாதிச் சான்றிதழைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

2. இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். வேலையிழப்புக்கும் இதில் இரண்டு உதவிகள் உண்டு.

முதலாவது, அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம். 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அமலில் உள்ளதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சராசரி நாள் சம்பளத்தில் பாதியை, 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒருமுறை தருவார்கள். வேலைக்குச் சேர்ந்து 2 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களும், அதற்கு முன் உள்ள மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாட்களும் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். வேலை போய் 30 நாட்கள் ஆன பிறகு தொழிலாளியே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளியின் தயவு தேவையில்லை.

கணக்கு இப்படி: மாதம் 15,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் வாங்கியவரின் மொத்தச் சம்பளம் 3,60,000. அதை 730 நாட்களால் வகுத்தால் நாளுக்கு சுமார் 493 ரூபாய். அதில் பாதி சுமார் 246. 90 நாட்களுக்கு 22,000 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும்.

ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு வயதை எட்டியவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் இது கிடையாது.

இரண்டாவது, ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம். 2005 ஏப்ரல் 1 முதல் உள்ளது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ, வேலையோடு தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை போனாலோ பொருந்தும். 2 ஆண்டுகளாவது சந்தா கட்டியவருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும்.

இ.எஸ்.ஐ. நாடு முழுவதற்கும் ஒன்றே. பெங்களூரில் வேலை பார்த்தவர் தருமபுரிக்குத் திரும்பிவிட்டாலும் உரிமை போகாது. ஆதாரும் வங்கிக் கணக்கும் இ.எஸ்.ஐ. பதிவோடு இணைந்திருக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லா உதவி எண் 1800-11-2526.

கர்நாடக அரசு பட்டதாரிகளுக்குத் தரும் யுவநிதி உதவித்தொகையையும் சிலர் விசாரிக்கிறார்கள். அது கர்நாடகத்தில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு மட்டுமே. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

3. பி.எஃப். பணம்

வேலையை விட்டு ஒரு மாதம் ஆனால் 75 சதவீதமும், இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம் என்பது நெடுநாள் விதி. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய மத்திய அறங்காவலர் வாரியம் இதை மாற்ற முடிவெடுத்தது. அதன்படி 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதமும், ஓய்வூதியக் கணக்கில் உள்ள தொகைக்கு 36 மாதமும் வேலையில்லாமல் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது எந்த விதி நடப்பில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பழைய கம்பெனி கையெழுத்து போட மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் இப்போது தேவையில்லை. யுஏஎன் எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் செல்போன் எண்ணும் இணைந்திருந்தால் நீங்களே இணையத்தில் எடுக்கலாம். வேலையிலிருந்து விலகிய தேதியை நிறுவனம் பதியாவிட்டாலும், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

அவசரத்தில் முழுவதையும் துடைத்து எடுக்க வேண்டாம். மொத்தம் 10 ஆண்டு சந்தா இருந்தால் ஓய்வூதிய உரிமை வரும். புதிய வேலை கிடைத்தால் பழைய கணக்கை அதோடு இணைத்துக்கொள்ளலாம்.

4. கையெழுத்து போடும் முன்

ஆட்குறைப்பு நடக்கும்போது சில இடங்களில் தொழிலாளியை அழைத்து, "ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு, கணக்கை உடனே முடித்துத் தருகிறோம்" என்பார்கள். கைக்கு வரும் பணத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவோம். அந்த ஒரு தாள் நம் உரிமைகளில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடும். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ராஜீவ் காந்தி திட்ட உதவியும் கிடையாது.

நிறுவனம் தானே நீக்கினால், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்குச் சேர வேண்டியவை:

* ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம்.
* ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு.
* 5 ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டு பணியே போதும்.
* பாக்கிச் சம்பளம். நீக்கினாலும், தானாக விலகினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

ஓர் உதாரணம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 15,000 வாங்கி, 6 ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை மட்டும் சுமார் 51,900 ரூபாய் வரும். ஆட்குறைப்பு இழப்பீடு 45,000 ரூபாய் அளவுக்கு வரும். "பத்தாயிரம் தருகிறோம், எழுதிக் கொடு" என்றால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். புரியாத ஆங்கிலக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். "வீட்டில் காட்டிவிட்டு நாளை தருகிறேன்" என்று சொல்லி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மிரட்டி எழுதி வாங்கிவிட்டால், மறுநாளே நடந்ததை விவரித்து நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் தர மறுத்தால், வேலை பார்த்த இடத்துக்குரிய தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வேலை பார்த்தது ஓசூர் என்றால் மனு போக வேண்டியது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு. தள்ளிப்போடாதீர்கள், நாள் கடக்கக் கடக்க வழக்கு பலவீனமாகும். தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.

5. நூறு நாள் வேலை கேட்டும் கிடைக்காவிட்டால்

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் வேலையின்மைப் படி இருப்பது பலருக்குத் தெரியாது. வேலை கேட்டு 15 நாட்களுக்குள் தராவிட்டால், முதல் 30 நாட்களுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமலும், அதன் பிறகு பாதிக்குக் குறையாமலும் படி தர வேண்டும். தமிழகத்தில் 2025-26 ஆண்டுக்கான நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் நாளுக்கு 84 ரூபாய், பிறகு 168 ரூபாய்.

இதைக் கேட்க ஒரே ஆதாரம், எழுத்தில் வேலை கேட்டதற்கான தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. வாய்மொழியாகக் கேட்டால் கேட்டதாகவே கணக்கில் வராது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலை என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் வேலையின்மைப் படி உண்டு. சட்டத்தின் பெயர் மாறினாலும் ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

6. ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்களுக்கு

2023 ஜனவரி முதல் அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர் மாதம் 5 திர்ஹம் கட்டுகிறார். தொடர்ந்து 12 மாதம் கட்டியவரை நிறுவனம் நீக்கினால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். தானாக ராஜினாமா செய்தவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இல்லை. வேலை போன 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். வேலை போனதும் முதல் விமானத்தில் ஊர் திரும்பும் அவசரத்தில் இதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு பை

மேலே சொன்ன எல்லாமே காகிதத்தில்தான் நிற்கின்றன. வேலையில் இருக்கும்போதே இவற்றை ஒரு பையில் சேர்த்து வையுங்கள்: பணி நியமனக் கடிதம் அல்லது அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிப் பதிவு, இ.எஸ்.ஐ. எண், யுஏஎன் எண், வேலைவாய்ப்புப் பதிவு எண், நூறு நாள் வேலை அட்டை, கொடுத்த ஒவ்வொரு மனுவின் நகலும் ஒப்புகையும். சம்பளச் சீட்டே தராத இடமாக இருந்தால், வேலை நாட்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டு இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டாமல் விடும் முதலாளிகளும் உண்டு. மாதம் ஒருமுறை செல்போனில் கணக்கைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அப்படி நடந்தால் அந்தந்த அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

மனு கொடுத்தும் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம். இந்த உதவிகள் எதற்கும் இடைத்தரகருக்குக் கமிஷன் தர வேண்டியதில்லை.

உரிமையைக் கேட்பவர் உண்மையையும் சொல்ல வேண்டும். வேலை கிடைத்த பிறகும் "வேலையில்லை" என்று எழுதிக் கொடுத்து உதவித்தொகை வாங்குவது பொய்ச் சாட்சி. அது ஹலாலான வருமானமும் ஆகாது. வேலை கிடைத்த அன்றே அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, படித்த இளைஞர்கள் இருவரை ஒரு செல்போனோடு பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார வையுங்கள். மஹல்லாவில் யாருடைய வேலைவாய்ப்புப் பதிவு காலாவதியாகப் போகிறது, யாருடைய பி.எஃப். கணக்கில் ஆதார் இணையவில்லை என்று பார்த்துச் சரிசெய்து கொடுக்கட்டும். பெண்களுக்கு மதரஸாவில் தனியாக ஒரு நேரம் ஒதுக்கலாம். பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பணிபுரியும் இமாம்கள், முஅத்தின்கள், அரபி ஆசிரியர்கள் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியத்தில் உறுப்பினர்களாக இருக்கிறார்களா என்பதையும் அதே அமர்வில் கேட்டுவிடலாம். ஒரு மஹல்லாவுக்கு இரண்டு மணி நேர வேலை. வேலையிழந்த ஒரு குடும்பம் அடகுக் கடைப் படி ஏறாமல் இருக்க அது போதுமானதாக இருக்கலாம்.